ராக்கெட் தாத்தாவின் நிலாப் பயணம்

மனித குலம் நிலவை வென்ற வரலாற்றில் ஒரு பொன்னேட்டை உலகம் இன்றுவரை கண்டுகொள்ளவில்லை. அந்த ஏடு ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், பஞ்சுமிட்டாய்க் கடைக்கும் கழிப்பறைக்கும் நடுவே எழுதப்பட்டது. ஒரே ஒரு கோடை ஓடியது. முதல் மழையில் நிலவுக்குச் சாயம் போனதால் இழுத்து மூடிவிட்டார்கள்.

‘நிலாப் பயணம்’ என்பது தகர ராக்கெட். எங்கும் போகாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் நாற்காலி குலுங்கும். ஜன்னலுக்கு வெளியே, வானம் தீட்டிய நீளத் துணி ஓர் உருளையிலிருந்து இன்னோர் உருளைக்குப் போகும். நகர்வது துணிதான். நாம்தான் என்று நம்பிக்கொள்வதற்குத்தான் டிக்கெட்.

புதிதாக வந்த பூங்கா இயக்குநர் அந்த ராக்கெட்டைக் கொட்டகையிலிருந்து இழுத்துவந்து, துருவைச் சுரண்டி, புதுத் துணி தீட்டி, மறுபடி ஓட்ட ஏற்பாடு செய்தார். முதல் பயணம், அந்தப் பழைய கோடையில் ஏறியவர்களுக்கு மட்டும். ஆளுக்கு ஒரு துணையைக் கூட்டி வரலாம்.

ராக்கெட் தாத்தாவின் மனைவி காத்திருந்தது அந்தத் துணை இடத்துக்குத்தான். அந்தக் கோடையில் அவர் வாயும் வயிறுமாக இருந்தார். கணவரின் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு கீழேயே நின்றார். “பிள்ளை பொறக்கட்டும், உன்னையும் கூட்டிட்டுப் போறேன்” என்றார் கணவர். பிள்ளைக்கு முன்னால் மழை வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு இப்போது தலை நரைக்கிறது.

தாத்தா ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. ஊரார் பொய்யைப் பிடித்தே உத்தியோகம் பார்த்தவர். கல்யாண வீடோ, சாவு வீடோ, நாலு பேர் கூடினால் அவருடைய நிலாப் பயணமும் புறப்பட்டுவிடும். பேரப்பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

ஏறுமுன் ஒவ்வொருவரும் மேடையில் இரண்டு வார்த்தை பேச வேண்டும். தாத்தா தொண்டையைச் செருமினார்.

“கீழே பூமி சிறுத்துக்கொண்டே போனது. ஒரு எலுமிச்சம்பழம். பிறகு ஒரு மிளகு. எதிரே நிலவு, மாபெரும் நிலவு, விரிந்து விரிந்து…”

கைதட்டல் வரவேண்டிய இடம். வரவில்லை. பழைய பயணிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்.

அந்தக் கோடை முழுக்க ராக்கெட்டை ஓட்டும் பொத்தானை அமுக்கியவர் முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக உட்கார்ந்திருந்தார். பொத்தான் அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. துணியை உருளையில சுத்தினது நானும் பெயின்டரும். முன்னும் பின்னுமா மாத்திச் சுத்திட்டோம். கடைசி வரைக்கும் அப்படியேதான் ஓடுச்சு. எல்லாரும் நிலாவுல கிளம்பி பூமிக்குத்தான் வந்தாங்க. நீங்க எதுல போனீங்க?”

தணிக்கை அதிகாரி வாழ்நாளில் முதன்முறையாகக் கண்ணாடியைத் துடைக்க நீண்ட நேரம் எடுத்துக்கொண்டார்.

“அந்த மாதிரித் தப்பெல்லாம் இப்ப நடக்காதும்மா. மூணு இன்ஜினியர் பார்த்திருக்காங்க” என்றார் இயக்குநர். பிறகு தாத்தாவிடம் திரும்பி, “மன்னிக்கணும் சார். ஏறாதவங்களுக்குச் சீட்டு இல்ல. விதி.”

தாத்தா இறங்கி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். “அன்னைக்குக் கதவைச் சாத்தப் போனாங்க. மூச்சு முட்டுச்சு, இறங்கிட்டேன்.”

“தெரியும். எல்லாரும் முன்வாசல் வழியா வந்தாங்க. நீங்க மட்டும் பின்னால பஞ்சுமிட்டாய்க் கடையைச் சுத்தி வந்தீங்க. காலுறை பூரா சேறு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா கல்யாண வீட்டுலல்லாம் என்ன பேசியிருப்பீங்க?”

சொல்லிவிட்டு ராக்கெட்டையே பார்த்தார். சிரிக்கவில்லை. அந்தப் பார்வையைப் பொத்தான் அக்கா கவனித்துவிட்டார்.

“ஏன் சார்,” என்று இயக்குநரைக் கேட்டார், “விருந்தாளிக்கும் ஒரு துணை உண்டுதானே? நான் பொத்தானை அமுக்கினதோட சரி, ஒரு தடவைகூட உள்ள உட்காரலை. தனியாப் போக பயமா இருக்கு. அக்கா, நீங்க வாங்களேன்.”

இயக்குநர் விதியை மனசுக்குள் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். தடுக்க அதில் ஒன்றும் இல்லை.

மனைவி செருப்பைக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார். “பத்திரம். புதுசு.” இரண்டு படி ஏறித் திரும்பினார். “அடுத்த வாரம் உங்களைக் கூட்டிட்டுப் போறேன். கதவுப் பக்கமா உட்காரலாம்.”

கதவு சாத்தப்பட்டது. தகரம் குலுங்கியது. உள்ளேயிருந்து இரண்டு பெண்களின் சிரிப்பு, பள்ளிக்கூடம் விட்ட மாதிரி வந்துகொண்டே இருந்தது. தாத்தா செருப்பை மார்போடு அணைத்தபடி நின்றார்.

வெளியே வந்த மனைவியின் கொண்டை அவிழ்ந்திருந்தது. முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

“என்ன தெரிஞ்சுது?” என்றார் தாத்தா. அவருக்கு இனி நாலு பேரிடம் சொல்லச் சரியான தகவல் வேண்டும்.

“முதல்ல நிலா. பெருசா. அப்புறம் ஒரு மிளகு. அது எலுமிச்சம்பழமா ஆச்சு. அப்புறம் வீடு வந்துடுச்சு.”

புதுத் துணியையும் மாற்றித்தான் சுற்றியிருந்தார்கள்.