நல்ல தோள்

கேழ்வரகு அறுப்பில் ராஜமேரியின் வலது தோளில் பிடித்த வலி, அடுத்த விதைப்பு வந்தும் விடவில்லை. கை மார்புக்கு மேல் எழும்பாது. தலைவாரத் தூக்கினால் தோள் அசையாமல் கழுத்துதான் காது வரைக்கும் ஏறும். ரவிக்கை உரசினாலே சுருக்கென்று ஏறியது. ஆனால் வீக்கம் இல்லை, காயம் இல்லை. மாமியார் ரோசம்மாளுக்கு அது போதும். கண்ணுக்குத் தெரியாத நோவெல்லாம் அவள் கணக்கில் சோம்பேறித்தனம்தான்.

அந்த வீட்டில் எட்டுப் பேருக்குக் களி கிண்ட வேண்டும். பானையைக் கவைக்கட்டையால் அணைத்து, கட்டையைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, இறுகிவரும் மாவைத் துடுப்பால் சுழற்றிச் சுழற்றி அமுக்கினால்தான் கட்டி விழாது. வலது கை மறுத்ததால் ஒரு நாள் இடது கையால் கிண்டினாள்.

"கால் கழுவற கையில கிண்டுன களிய மனுசன் திம்பானா? த்தூ!"

ரோசம்மாள் அத்தனை களியையும் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் கொட்டினாள். கணவன் பிலவேந்திரன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகமும் சுளித்துத்தான் இருந்தது.

"தர்மபுரி ஆசுபத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க. இந்தக் கையி இனி வராமயே போயிருமோன்னு பயமா இருக்குது" என்று அன்று சாயங்காலம் அவனிடம் கெஞ்சினாள்.

"நெசமா நோவுதுன்னா கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றான்.

நிசமா என்று பார்ப்பதற்கு அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். மறுநாள் அவள் குனிந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, நாத்தனார் வேளாங்கண்ணி அவன் சொல்லிவைத்தபடி பின்னால் பூனைபோல் வந்து, அவளுடைய நல்ல தோளை, இடது தோளை, கட்டைவிரலால் அழுத்தினாள். ராஜமேரி "மாதாவே!" என்று அலறிவிட்டாள். முறம் கவிழ்ந்தது.

"பாத்தியாண்ணா! நோவற தோளு அந்தப் பக்கம். கத்தறது இந்தப் பக்கம்!"

"வேசக்காரி" என்றாள் ரோசம்மாள். மூன்று பேரும் சிரித்தார்கள். ஆசுபத்திரிப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இடது தோள் ஏன் நொந்தது என்று ராஜமேரிக்கே தெரியாது. கொஞ்ச நாளாக எங்கே தொட்டாலும் அப்படித்தான் இருந்தது. நாம்தான் பொய் சொல்கிறோமோ என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். அப்படி நினைக்க வைத்தார்களே என்பதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட அருவருப்பாக இருந்தது.

அந்த வாரமே மாட்டுத் தரகர் மாரியப்பன் செவலைக் காளையைப் பார்க்க வந்தார். அது ஏர் இழுக்கையில் வலது முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்ததால் விற்றுவிடலாம் என்று பிலவேந்திரன் சொல்லியனுப்பியிருந்தான்.

"வலது தோளுதாங்க கொஞ்சம் நோவு. இடது நல்லா இருக்குது" என்றான்.

மாரியப்பன் அந்த இடது தோளைத்தான் கட்டைவிரலால் அழுத்தினார். காளை துள்ளி விலகி, கண்ணை உருட்டிக்கொண்டு நடுங்கியது. அடுப்படி வாசலில் நின்று ராஜமேரி பார்த்துக்கொண்டிருந்தாள். செவலையும் வேசக்காரன்தானா?

"இதாங்க நல்லா இருக்கறது?" மாரியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு பக்கத்து நோவோடயே பூட்டிப் பூட்டி, ஒடம்பு பூராவும் ஏத்திவுட்டிருக்கறீங்க. இனி எங்க தொட்டாலும் இதுக்கு நோவும். இத ஒருத்தனும் வாங்க மாட்டான். அடுத்த மழ வரைக்கும் நுகத்தடியக் கண்ணுலயே காட்டாதீங்க."

"அய்யோ, வாயில்லா சீவனாச்சே!" ரோசம்மாள் பதறிக்கொண்டு விளக்கெண்ணெய் காய்ச்ச ஓடினாள். வேளாங்கண்ணி காளையின் தோளை நீவிக்கொடுத்தாள். அதே கட்டைவிரல். தனக்கு வாய் இருந்ததுதான் தப்பு போலிருக்கிறது என்று ராஜமேரி நினைத்துக்கொண்டாள்.

பிலவேந்திரன் அடுப்படிக்கு வந்தான். அடுப்பில் களி மாவு வெந்துகொண்டிருந்தது.

"செவலைக்கு ரெண்டு பக்கமும் நோவுதாமே" என்றாள். "வேசம் போடுதான்னு ஏங்க யாரும் கேக்கல?"

அவன் தரையைப் பார்த்தான். காலால் மண்ணைக் கீறினான். அவனுக்கு விளங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. தன்னையறியாமல் அவள் மனம் கொஞ்சம் இளகியது.

"செரி, நாளைக்கே ஆசுபத்திரிக்குப் போலாம்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "இப்ப மாரியப்பன் சாப்புட்டுட்டுத்தான் போவாரு. களிய மட்டும் கிண்டி வெச்சிரு. வெளியாளு பாக்கறாரு, சோத்தாங்கையிலயே கிண்டு."

ராஜமேரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இடது கையால் துடுப்பை எடுத்து அவனுடைய வலது கையில் திணித்தாள். அடுப்புச் சாம்பலில் காறித் துப்பினாள். மஞ்சள் பையில் ஒரு சேலையைச் சுருட்டிக்கொண்டு, மாட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தவர்களைத் தாண்டி வெளியே வந்தாள்.

"எங்கடி போற?" என்று ரோசம்மாள் கத்தினாள்.

"ஆசுபத்திரிக்கு."

பையை எந்தத் தோளில் மாட்டினாலும் வலித்தது. மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டு, தர்மபுரி பஸ் பிடிக்கப் பொம்மிடிக்குப் போகும் பாதையில் நடந்தாள். வெகுதூரம் வரைக்கும் பின்னாலிருந்து களி அடிப்பிடிக்கும் நாற்றம் வந்துகொண்டிருந்தது.