ஹார்லன் நடக்கிறாராம்

ரெக்ஸ் டில்லட்சனை எங்கள் தெருவில் யாரும் ஏஜெண்டாக நினைத்ததே இல்லை. காலையில் எங்களோடு நீச்சல் குளத்தில் கிடப்பான். யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் ஸ்பானரோடு வந்து நிற்பான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் மருத்துவக் காப்பீடு விற்க ஆரம்பித்தான். அரிசோனாவில், வயதானவர்கள் மட்டுமே குடியிருக்கும் எங்கள் காலனியில், அதற்கு வாங்க ஆளா இல்லை?

அதுவரை எங்களுக்கு அரசாங்கக் காப்பீடு இருந்தது. அது கொடுக்காத மிச்சத்துக்கு, மாதாமாதம் பணம் கட்டி ஒரு துணைக் காப்பீடு. எந்த டாக்டரிடமும் போகலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ரெக்ஸ் விற்றது அதற்குப் பதிலாக வரும் தனியார் கம்பெனித் திட்டம்.

"எதுக்கு மாசாமாசம் கட்டி அழறீங்க? இதுல பல்லு, கண்ணாடி, ஜிம் எல்லாம் சும்மா. என் பொண்டாட்டிக்கே இதைத்தான் எடுத்திருக்கேன்." என் பக்கத்து வீட்டு இமோஜீனின் சமையல் மேடையில் சாய்ந்துகொண்டு, அவள் சுட்ட பிஸ்கட்டைத் தின்றபடி சொன்னான். இமோஜீனும் அவள் கணவர் ஹார்லனும் அன்றே மாறினார்கள். மறுநாள் நானும் மாறினேன்.

இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை. பல் சுத்தம் செய்துகொண்டோம், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டோம். ஆனால் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் திட்டம் கொஞ்சம் மாறும். ஒரு டாக்டர் பெயர் காணாமல் போகும், பிறகு ஒரு ஆஸ்பத்திரி. "அடுத்த வருஷம் சரியாயிடும்" என்பான் ரெக்ஸ்.

இந்த வசந்தத்தில் ஹார்லன் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. நடைப்பயிற்சிக்காக ஒரு மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தார்கள். ஹார்லன் புல்டோசர் ஓட்டிய மனுஷன், மலை மாதிரி உடம்பு. இமோஜீன் அவர் மார்பு உயரம்கூட வரமாட்டாள். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கத் தொடங்கிய வாரத்தில் கம்பெனி சொல்லிவிட்டது: போதும், வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், இனி இங்கே தங்கினால் நாங்கள் தரமாட்டோம்.

நிலையத்தின் தாழ்வாரத்தில் நின்றுகொண்டே இமோஜீன் கம்பெனிக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"உங்க கணவர் நடக்கிறார்னு ரிப்போர்ட்ல இருக்கே மேடம்" என்றது ஒரு பெண் குரல்.

"நடக்கிறாரா? ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தாங்கிப் பிடிச்சா நான் கூடத்தான் கயித்து மேல நடப்பேன்! இந்தாம்மா, நீ அவரைப் பார்த்திருக்கியா?"

"டாக்டர் பரிசீலிச்சுதான் முடிவு பண்ணினார் மேடம்."

"எந்த டாக்டர்? அவர் பார்த்திருக்காரா?"

அந்தப் பெண் மேல்முறையீட்டு விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். இமோஜீன் மேல்முறையீடு செய்தாள். அதையும் தள்ளிவிட்டார்கள். கையிலிருந்து கட்ட வழியில்லாமல் ஹார்லனை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

வந்த வாரமே அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்தார். எங்கள் இருவராலும் அவரை அசைக்கக்கூட முடியவில்லை. தீயணைப்புக்காரர்கள் வந்துதான் தூக்கினார்கள். அதுவரை அவர் தரையில் கிடந்தபடி, "மன்னிச்சுடு இமோ, மன்னிச்சுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நல்லவேளை, எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் அந்த வார்த்தை இமோஜீனுக்குள் எதையோ பற்றவைத்துவிட்டது. அவள் பழைய துணைக் காப்பீட்டுக்காரர்களைக் கூப்பிட்டாள். இடுப்பு உடைந்தவரைச் சேர்க்க மாட்டோம் என்றார்கள். மாறிய முதல் வருடத்துக்குள் வந்திருந்தால் கேள்வி கேட்காமல் சேர்த்திருப்பார்களாம்.

அந்த வியாழக்கிழமை ரெக்ஸ் காலனி கிளப் ஹவுஸில் புதிதாகக் குடிவந்தவர்களைக் கூட்டி, பீச் பழம் வைத்துச் சுட்ட பை கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தான். இமோஜீன் நேராக உள்ளே போனாள், பின்னாலேயே நானும்.

"ரெக்ஸ், முதல் வருஷத்துக்குள்ள திரும்பிப் போகலாம்னு எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"இமோ, இதை அப்புறம் பேசலாமே. இவங்கல்லாம்..."

"இவங்க கேக்கட்டும்! என் புருஷன் தரையில கிடந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டார்யா. அவர் எதுக்குக் கேக்கணும்? நீ கேட்டியா?"

"நான் யாரையும் ஏமாத்தல. எனக்கு நல்லதுன்னு பட்டதைத்தான் சொன்னேன். என் வீட்டுக்கே..."

"போதும் ரெக்ஸ்." சொன்னது அவன் மனைவி மார்லிஸ். பை வெட்டிய கத்தியை மேசையில் வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினாள். "நான் அந்தத் திட்டத்துல இல்ல. எப்பவுமே இருந்ததில்ல. மார்புல கட்டி எடுத்தப்புறம், நீ மட்டும் மாறிடாதேன்னு இவர்தான் சொன்னார்."

புதிதாக வந்தவர்கள் தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். இமோஜீன் அழவில்லை. "உன் பொண்டாட்டி பொழைக்கணும். என் புருஷன் நீ சும்மா குடுத்த பல்லைக் காட்டிட்டு விழுந்து கிடக்கணும். அப்படித்தானே?" என்றாள்.

மறுநாள் காலை ரெக்ஸ் அவள் வாசலில் வந்து நின்றான். கண் வீங்கியிருந்தது. "என்ன பண்ணணும்னு சொல்லு இமோ. நான் பண்றேன்."

"உள்ள வராத. அங்கயே கராஜ்ல உக்காரு. கம்பெனிக்குப் போன் போடு. வீட்டுக்கு ஒருத்தர் வந்து இவருக்கு நடக்கக் கத்துக்கொடுக்கற வரைக்கும் போனை வைக்காத."

சிமெண்டுத் தரை தகிக்கும் அந்தக் கராஜில் ஒரு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து அவன் நாள் கணக்காகப் பேசினான். கெஞ்சினான், கத்தினான், லைனில் காத்திருக்கச் சொல்லிப் போடும் பாட்டைக் கேட்டான். தண்ணீர் மட்டும் மார்லிஸ் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசியில் கம்பெனி இறங்கிவந்தது. பயிற்சி கொடுப்பவர் வாரம் இருமுறை வர ஆரம்பித்தார். ஹார்லன் இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போகிறார். அதற்கு மேல் முடியாது, பயிற்சி கொடுக்க வேண்டிய நாள் தவறிவிட்டது என்கிறார் பயிற்சியாளர்.

அனுமதி வந்த அன்று ரெக்ஸ், "இமோ, நான்..." என்று தொடங்கினான்.

"நாற்காலியை மடிச்சுச் சுவரோரமா வை, போ" என்றாள் இமோஜீன். கராஜ் கதவை இறக்கினாள்.

அவள் அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. நானும் பேசுவதில்லை. எனக்குச் சர்க்கரை இருக்கிறது, என்னையும் பழைய இடத்தில் சேர்க்க மாட்டார்களாம். கிளப் ஹவுஸுக்கு இப்போது வேறொரு ஏஜெண்ட் வருகிறான், ஆப்பிள் பையோடு.