சின்ன மாப்பிள்ளை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் அன்றைக்கு அந்த வீட்டுக்கு வந்துபோன நூற்றுப் பத்துப் பேரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். என்ன, அவர்கள் இதைவிட இரண்டு மடங்கு சொல்வார்கள்.

மகள் ஒரு கையில் சிள்வண்டு டப்பாவும் மறுகையில் இடுக்கியுமாக உள்ளறையில் கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் குந்தியிருந்தபோது வீட்டில் கரண்ட் போயிற்று. மின்விசிறி நின்றது. தொட்டிக்கு மேல் தொங்கிய விளக்கு அணைந்தது. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டி தொண்டையைக் கனைத்துக்கொள்வது போல ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது.

"ட்ரிப் ஆயிடுச்சு," என்று வாசலிலிருந்து அவள் கணவன் குரல் கொடுத்தான். "மூணாவது தடவை!"

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த வீட்டின் வயரிங் அப்பாவைவிட நான்கு வயது மூத்தது. நாற்பது வருஷம் குளிர்பதனக் கிடங்கில் மெக்கானிக்காக இருந்து, ஊர் தின்ற மீனையும் பழத்தையும் கெடாமல் காத்தவர், தன் வீட்டு வயரை மட்டும் 'அடுத்த மாசம் மாத்தறேன்' என்று முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். குளிர்பெட்டியும் தொட்டியும் சேர்ந்து ஓடினால் அது தாங்கவில்லை. தொட்டிக்கு ஒரு விளக்கு, ஒரு ட்யூப், அடியில் ஒரு வெப்பத் தட்டு. மூன்றும் ஒரே பிளக்கில்.

தொட்டிக்குள் இருந்தது ஆஸ்திரேலியப் பாலைவனத்துத் தாடி ஓணான். வால் நுனி வரை அளந்தால் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். தொட்டால் முள் போலத் தோன்றி, தொட்டபின் ரப்பராக இருக்கும் ஜாதி. மூன்று மாதத்துக்கு முன்னால் செல்லப்பிராணிக் கடையில் ஏசி பார்க்கப் போன அப்பா, அட்டைப்பெட்டியோடு திரும்பி வந்தார்.

"நாப்பது வருஷம் எல்லாத்தையும் குளிர வெச்சாச்சு. ஒண்ணையாவது சூடா வெச்சுப் பாக்கறேனே," என்றார்.

"வீட்டுல பல்லி வந்தா விரட்ட உங்களைக் கூப்பிடுவேன்," என்றாள் அம்மா. "இப்ப நீங்களே ஒரு முழத்துக்கு வாங்கிட்டு வந்து நிக்கறீங்க. இனி யாரைக் கூப்பிட?"

கடைக்காரன் வாலைத் தூக்கிப் பார்த்து, "ஆண்தான் சார், சத்தியமா" என்று அடித்துச் சொல்லியிருந்தான். அப்பா அதற்குச் சின்ன மாப்பிள்ளை என்று பேர் வைத்தார். அன்றிலிருந்து பெரிய மாப்பிள்ளைக்கு மதிப்புக் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால், "மாப்பிள்ளை, சாப்பிட்டாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "ஆச்சு மாமா," என்பான் அவன். "உங்களைக் கேக்கலை," என்பார் அப்பா.

அந்தச் சின்ன மாப்பிள்ளை இன்று காலையிலிருந்து மகளின் பொறுப்பு. முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நேற்றுப் பிற்பகல் மூக்கிலிருந்த முகமூடியை நகர்த்தி, மகளிடம் அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம். "நாப்பதுக்குக் கீழ விட்டுடாதம்மா." பக்கத்திலிருந்த நர்ஸ், காய்ச்சலைச் சொல்கிறார் என்று நினைத்து, "முப்பத்தேழுதான் ஐயா, நல்லா இருக்கு," என்றாள். வேலை தெரியாத அப்ரண்டிஸைப் பார்ப்பது போல அப்பா அவளைப் பார்த்தார். விடிகாலையில் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் அவர் மகளுக்கு போன் செய்திருந்தார். சின்ன மாப்பிள்ளை சாப்பிடவில்லை, மூலையைத் தோண்டிக்கொண்டே இருக்கிறது, என்னவென்று பார்த்துச் சொல்கிறாயா என்று கேட்டார். "அப்பா, அது ஓணான்ப்பா. பசிச்சா தின்னும். ஆபீஸ்ல இருக்கேன், வெக்கறேன்," என்று சொல்லி வைத்துவிட்டாள். அதுதான் கடைசி போன்.

இப்போது அது அவள் நீட்டிய சிள்வண்டை முகத்தைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையிலிருந்த மணல் தட்டில் ஏறி நின்று முன்னங்கால்களால் சுரண்டிக்கொண்டிருந்தது. இரண்டு சுரண்டு மணலில், மூன்று சுரண்டு கண்ணாடியில். மறுபடி மணலில்.

"எதிர்வீட்ல கொண்டு வெச்சிடலாமா?" என்றான் கணவன், ட்ரிப்பரைத் தூக்கிவிட்டு வந்து.

எதிர்வீட்டுக்காரி தையல்காரி. தெருவுக்கே அத்தை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் அங்கிருந்தே பதில் சொன்னாள். "என் வீட்டுக்கா? தாராளமா. நான் இங்க வந்துடறேன்."

அப்பாவின் நோட்டிலும் அது கூடாதென்றே இருந்தது. கிடங்கில் இரண்டு மணிக்கொரு தரம் வெப்பநிலை குறித்த கை, வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. தேதி, மணி, டிகிரி, தின்றது, கழித்தது. முதல் பக்கத்திலேயே, 'இடம் மாற்றினால் மூன்று நாள் கோபம்' என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில்: '39. தின்னவில்லை. இன்றும் தோண்டுகிறது. என்ன தேடுகிறது என்று தெரியவில்லை.'

"அப்ப ரெண்டுல ஒண்ணைத்தான் ஓட்ட முடியும்," என்றான் கணவன். சொல்லிவிட்டு, எதை எதை என்று தனக்கே உறைத்து, தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணனின் விமானம் ஒரு மணிக்கு. எடுப்பது நான்கு மணிக்கு. மகள் எழுந்து கூடத்துக்கு வந்தாள். குளிர்பெட்டியின் மேல் கன்னத்தை வைத்து ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அழுகிறார் என்று நினைத்து இரண்டு பேர் அவர் தோளைத் தடவிக்கொடுத்தார்கள். அவர் அழவில்லை, மோட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பாவோடு முப்பது வருஷம் வேலை பார்த்தவர். குறட்டையால் கம்ப்ரஸர் என்று பேர் வாங்கியவர்.

"கேஸ் கொஞ்சம் கம்மி," என்றார். "உங்கப்பா இருந்தா இந்தப் பெட்டிக்காரனைச் சும்மா விட்டிருக்க மாட்டான்."

"கம்ப்ரஸர் மாமா, இதை நிறுத்தினா எவ்வளவு நேரம் தாங்கும்?"

அவர் அவளைப் பார்த்தார். உள்ளறைப் பக்கம் பார்த்தார்.

"மூடியத் தொறக்காம இருந்தா ஒரு மணி நேரம் தாராளம். எட்டு டிகிரி தாண்டாம பாத்துக்கோ." கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்தார். "அவன் மைனஸ் பதினெட்டுல நின்னுக்கிட்டு ஜோக் அடிப்பான்மா. எட்டெல்லாம் அவனுக்கு வெயில்."

இப்படித்தான் அது தொடங்கியது. ஒரு மணி நேரம் அப்பா, ஒரு மணி நேரம் சின்ன மாப்பிள்ளை. மகள் நோட்டை எடுத்து, அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு, இரண்டு பத்தி பிரித்தாள். பத்தரை: பெட்டி 4, தொட்டி 31. பதினொன்றரை: பெட்டி 7, தொட்டி 39. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடந்தாள். வந்தவர்கள், அழ வேண்டிய பெண் இப்படி மீட்டர் பார்க்கிறாளே என்று முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

தையல்கார அத்தைதான் அவர்களுக்கு விளக்கம் கொடுத்தாள்.

பதினோரு மணிக்கு அவள் சொன்னது: "அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனதுலேருந்து அந்த ஜீவன் ஒரு வாய் சாப்பிடலை." பன்னிரண்டு மணிக்கு அது தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரு மணிக்கு அது கதவைப் பார்த்தபடியே இருந்தது. ஒன்றேகாலுக்குக் கண்ணில் நீர் கண்டதை அத்தையே தன் கண்ணால் பார்த்திருந்தாள், அதுவரை அந்த அறைக்குள் அவள் காலே வைக்கவில்லை என்றாலும்.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்படியெல்லாம் இல்ல அத்தை. அப்பாவுக்கு வலி வர்றதுக்கு மூணு நாள் முன்னாடியே அது சாப்பாட்டை நிறுத்திடுச்சு. நோட்டுல எழுதியிருக்கார்."

அத்தை வாயில் கை வைத்தாள். பெஞ்சு முழுக்க வாயில் கை வைத்தது.

"மூணு நாள் முன்னாடியேவா?" என்றாள் அத்தை, குரலைத் தாழ்த்தி. "அப்ப அதுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு! டாக்டருக்குத் தெரியலை பாருங்க."

அதற்குப் பிறகு மகள் உண்மை எதையும் சொல்லவில்லை.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பாதி கூடத்தில் அப்பாவைப் பார்த்துவிட்டு, உள்ளறையில் வரிசையில் நின்றது. தொட்டிக்கு முன்னால் நின்று, செருமி, "உனக்கும் கஷ்டம்தான்," என்று சொன்னவர்கள் உண்டு. கிடங்கின் மேலாளர் பூமாலை வாங்க ஆளை அனுப்பும்போது ஒன்று போதுமா என்று வாசலில் விசாரித்தார். ஒரு சமயம் அது சுரண்டுவதை நிறுத்தி, வலது முன்னங்காலைத் தூக்கி, காற்றில் மெல்ல ஒரு வட்டம் போட்டு இறக்கியது. 'நீ பெரியவன், என்னை விட்டுவிடு' என்று அதற்கு அர்த்தம் என்பதை மகள் நோட்டில் படித்திருந்தாள். அத்தை, "கை காட்டுது, போய்ட்டு வாங்கன்னு சொல்லுது," என்றாள். அறையில் ஒரு கண் மிச்சமில்லாமல் நனைந்தது. கம்ப்ரஸர் மாமா மூக்கைச் சிந்தியது தெருமுனை வரை கேட்டது.

பெரிய மாப்பிள்ளை மட்டும் கதவோரம் நின்றான். "எனக்கு ஒரு நாள் கை காட்டினது இல்ல," என்றான் மெதுவாக. ஓணானையா மாமனாரையா என்று யாரும் கேட்கவில்லை.

இரண்டரைக்கு அண்ணன் வந்து சேர்ந்தான். பெட்டி மேல் கவிழ்ந்து அழுதான். அந்த நேரம் தொட்டியின் முறை தவறிப் போய்விட்டது. அணைந்திருக்க வேண்டிய பெட்டி ஓடியது. அண்ணன் அழுதுகொண்டிருக்கும்போது எப்படி நிறுத்துவது? மகள் நோட்டோடு சுவரோரம் நின்றாள். உள்ளே தொட்டி முப்பத்தொன்று, முப்பது, இருபத்தெட்டு என்று இறங்கிக்கொண்டிருந்தது. சுரண்டும் சத்தம் தேய்ந்து, விட்டு விட்டுக் கேட்டது.

அம்மா காலையிலிருந்து பெட்டியின் தலைமாட்டு நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்று மாதத்தில் அந்த உள்ளறைக்குள் அவள் நுழைந்ததும் இல்லை. சிள்வண்டு கத்தினால் கதவைச் சாத்துவாள், அவ்வளவுதான். இப்போது அவள் மகளைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"அப்பா எத்தனைல இருக்கார்?"

"நாலும்மா."

"அது?"

"இருபத்தேழு."

அம்மா பெட்டிக்குள் பார்த்தாள். அப்பாவின் முகத்துக்கு மேல் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். ஈரம் உள்பக்கம் இருந்தது.

"இவருக்குப் பழக்கம்தான்," என்றாள். "அதைப் போட்டு விடு."

மகள் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டி கனைத்து ஓய்ந்தது. அண்ணன் தலையைத் தூக்கி, "என்னாச்சு?" என்றான்.

"ஒண்ணுமில்லப்பா, நீ அழு," என்றாள் அம்மா.

நான்கு மணிக்கு வண்டி வந்தது. அப்பாவைத் தூக்கியபோது உள்ளறையில் விளக்கு நாற்பதில் எரிந்துகொண்டிருந்தது. சின்ன மாப்பிள்ளை இரண்டு கையாலும் மூர்க்கமாகத் தோண்டியது. மணல் கண்ணாடியில் மோதும் சத்தம் தெருவுக்குக் கேட்டதாக அத்தை இன்றும் சொல்கிறாள். ஆண்கள் நான்கு பேர் பாடையை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்கப் பார்த்தார்கள். கம்ப்ரஸர் மாமா அதட்டியதால் அப்பா கீழே விழாமல் போய்ச் சேர்ந்தார். மகள் வண்டி திரும்பும் வரை வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், தொட்டியின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அது தட்டைக்கல்லின் மேல் அசையாமல் கிடந்தது. விலாவெல்லாம் ஒட்டி, வயிறு உள்வாங்கி, கழற்றிப் போட்ட கையுறை போல. மூன்று மாதமாக அப்பா கேலி செய்த தொப்பையைக் காணவில்லை. மகள் முதலில் டிகிரியைத்தான் பார்த்தாள். முப்பத்தொன்பது. பிறகு வெகு நேரம் இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கண் திறந்தது. அவள் சிள்வண்டை நீட்டினாள். நாக்கு வெளியே வந்து போயிற்று. இடுக்கி காலியாக இருந்தது. இன்னொன்று. இன்னொன்று.

"பதினொண்ணு," என்றது அம்மாவின் குரல். அம்மா எப்போது வந்தாளோ, உள்ளறைக்குள், சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "எழுதிக்கோ. அவர் கேப்பார்."

மகள் நோட்டை எடுத்து, 'என்ன தேடுகிறது என்று தெரியவில்லை' என்ற வரியை இன்னொரு தரம் படித்துவிட்டு, பக்கத்தின் அடியில் எழுதினாள்: 'காலை 8.20. 39. தின்றது பதினொன்று.' அம்மா கீழே சிதறியிருந்த மணலைக் கையால் கூட்டி எடுத்து, தட்டில் போடப் போனவள், விரலில் ஏதோ உருண்டையாகத் தட்ட, அப்படியே நின்றாள்.

மூலையில் மட்டமாகத் தட்டி மூடியிருந்த மணலுக்கு அடியில் பத்தொன்பது முட்டைகள் இருந்தன.