மூலையிலிருந்த பானை

மூன்று நாளாகச் சுவோல் அந்த அறையில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. மூலையில் மண்பானை இருந்தது, அதன்மேல் ஒரு சுரைக்குடுவை. தலைநகர் ஜூபாவின் ஜூலைப் புழுக்கத்தில் பலர் மொண்டு மொண்டு குடித்தார்கள். புது நாட்டின் மந்திரிப் பட்டியலைத் தயாரிக்க உட்கார்ந்த குழுவில் மொத்தம் ஆறு பேர்.

தலைவர், ஓய்வுபெற்ற ஜெனரல் பியெல். இருபது வருடம் புதர்க்காட்டில் சண்டை போட்டவர். சீருடையைக் கழற்றினார், அதட்டலைக் கழற்றவில்லை. பட்டியலில் துணை ஜனாதிபதிக்கு நேரே இருந்தது அவருடைய பெயர். எழுதியதும் அவர்தான். அந்த நாற்காலிக்காக அவர் எவ்வளவு ஏங்கினார் என்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

மறுநாள் காலை கொடியேற்றம், பதவியேற்பு. ஆறு கையெழுத்தும் விழுந்தால்தான் பட்டியல் செல்லும். ஐந்து விழுந்துவிட்டது. சுவோல் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

"என்னப்பா, நிதி மந்திரி பத்தலியா ஒனக்கு?" என்றார் ஜெனரல்.

"பதவி பெரிசுதான். ஒங்க கூட உக்காந்து திங்கணுமே, தொண்டையில எறங்காது."

வக்கீல் கெஜி, குழுவில் ஒருத்தி, பாரி இனத்துக்காரி. சுவோல், ஜெனரல் இருவருடைய நுவேர் இனத்தின் வழக்கம் அவளுக்குப் பிடிபடவில்லை. "நீங்க என்ன ஒட்டகமாண்ணே? தண்ணியக் குடிச்சுட்டுக் கையெழுத்தப் போடுங்க."

"எங்கண்ணன் கையத் தூக்கிட்டு நின்னாம்மா. இவரு சுடச் சொன்னாரு. கொன்ன வீடும் செத்த வீடும் ஒரே பாத்திரத்துல வாய் வைக்கக் கூடாது. வச்சா ரெண்டு குலமும் நாசமாப் போயிரும்."

"அது யுத்தம்! சர்க்கார் சண்டையில செத்தவனுக்குப் பழி கெடையாது. ஊரே ஒத்துக்கிட்ட விஷயம்" என்றார் ஜெனரல்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பேச்சு இது. ஆனால் இத்தனை வருடமாக யாரும் அதைக் கிளறிப் பார்த்ததில்லை.

"எந்த சர்க்காரு?" என்றார் சுவோல். "அது நாளைக்குக் காலையிலதானே பொறக்கப்போவுது?"



"பரிகாரம் ஒண்ணும் இல்லியா?" என்று கெஜி மெல்லக் கேட்டாள்.

"இருக்கு. மாடு கொடுத்து, பூசாரி முன்னால 'கொன்னது நாந்தான்'னு சொல்லணும். நாளைக்குள்ள ஆவாது."

ஜெனரல் பேனாவை எடுத்தார். முள் முதலில் சுவோலின் பெயர் மேல் நின்றது. அதை அடித்தால் ஆறாவது கையெழுத்து விழாது. சுவோலின் ஜனங்கள் நாளைய கொடிக்கு வணக்கம் வைக்கவும் மாட்டார்கள். அவருக்குக் கோபம் பொங்கியது. சுவோல் மேல் என்று நினைத்தார், ஆனால் பாதிக்குமேல் தன் மேல்தான். பேனா மேலேறி, துணை ஜனாதிபதிக்கு நேரே இருந்த பெயரை அடித்தது.

"வேற ஆளப் போட்டுக்கங்க" என்று எழுந்தார்.

சுவோல் கையெழுத்துப் போட்டார். பிறகு பானையருகே போய்க் குடுவையை எடுத்தவர், சட்டென்று திரும்பினார். "இதுல வாய் வச்சீங்களா?"

"இல்ல."

"ஒரு தடவகூடவா?"

ஜெனரல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு வெடித்திருந்ததை அப்போதுதான் கெஜி கவனித்தாள்.

"மூணு நாளா நானுந்தான் தொடல" என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கி நடந்தார்.