நெல்லுக்கு வந்த படகு

விசாலாக்ஷி தன் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் முதல் தடவையாக ஒரு ஃபைலைத் தப்பாக அனுப்பியது, போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு. நேரத்தை அலுவலகக் கம்ப்யூட்டர் பதிந்து வைத்திருந்தது. அழிக்கவும் வழியில்லை. மேலே போன ஃபைல் மேலே போனதுதான்.

டெல்லியில், மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். அவள் எழுதும் குறிப்பில் ஒரு கமா இடம் மாறாது என்று மாடி முழுக்கப் பெயர். அப்படிப்பட்டவள், ஒரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை இணைக்க வேண்டிய இடத்தில், தான் எழுதிய கதையின் ஒன்பதாம் அத்தியாயத்தை இணைத்துவிட்டாள். பதினாலு பக்கம், தமிழில். பஸ்ஸில் மொபைலில் தட்டுவதைச் சாப்பாட்டு நேரத்தில் பெரிய திரையில் போட்டுப் பிழை பார்ப்பது அவள் வழக்கம். அன்றைக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருந்தன.

அவள் கதை எழுதுகிறாள் என்பதே யாருக்கும் தெரியாது. கணவன் பத்ரிக்குத் தெரியாது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள் அனன்யாவுக்கும் தெரியாது. ஒரு கதைச் செயலியில் 'துடுப்பு' என்ற பெயரில் எழுதினாள். முந்நூறு பேர் வாசித்தார்கள். அத்தியாயம் தாமதமானால் சண்டைக்கு வருகிறவர்களும் அதில் நாலைந்து பேர் இருந்தார்கள்.

அந்தக் கதைக்கு வயது முப்பத்தாறு. மந்திர் மார்க்கில் தமிழ்ப் பள்ளியில் அவள் ஐந்தாவது படித்தபோது அவளிடம் இரண்டே உலகங்கள் இருந்தன. ஒன்று, மெட்ராஸிலிருந்து தபாலில் வரும் ஒரு சிறுவர் மாதப் பத்திரிகையின் தொடர்கதை. அதில் கடம்பன் என்று ஒரு படகோட்டி. அவன் படகு ஆற்றிலும் போகும், மேகத்திலும் போகும். ஏழு ஊர் தாண்டி எட்டாவது ஊருக்குக் கிளம்பிய மாதம் பத்திரிகை நின்றுவிட்டது. இன்னொன்று, பேச்சுப் போட்டியில் பரிசாகக் கிடைத்த ஒரு ஆங்கிலப் புத்தகம். நான்கு குழந்தைகள் ஒரு மாயத் தீவுக்குப் போய்த் திரும்புகிற கதை. தீவின் கலங்கரை விளக்கத்தில் நெல் என்று ஒரு பெண் தனியாக இருப்பாள். அவள்தான் அந்த நான்கு பேரையும் கடல் சூனியக்காரியிடமிருந்து மூன்று நாள் ஒளித்து வைத்துச் சோறு போடுவாள். குழந்தைகள் வீடு திரும்பி, கேக் சாப்பிட்டு, தூங்கப் போவார்கள். நெல்லைப் பற்றி அப்புறம் ஒரு வரி கிடையாது. விசாலாக்ஷி கடைசிப் பக்கத்துக்குப் பின்னாலிருந்த வெள்ளைத் தாளையும் திருப்பிப் பார்த்தாள்.

அங்கே படகில்லாத ஒருத்தி. இங்கே போய்ச் சேர இடமில்லாத ஒரு படகு. பத்து வயதில் படுக்கையில் கிடந்து அவள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். கொரோனா சமயத்தில், இரண்டு வெவ்வேறு புத்தகத்து ஆட்களைச் சந்திக்க வைத்து ஊர் உலகமெல்லாம் கதை எழுதுகிறது என்று அந்தச் செயலியில் பார்த்தபோது முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யாரோ எழுதிய ஒன்றை வாசித்தாள். தான் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தாள். மறுநாளே கடம்பனைத் தீவுக்கு அனுப்பத் தொடங்கிவிட்டாள்.

ஆனாலும் வெட்கம் போகவில்லை. சொந்தமாக ஒரு கதை எழுதினாலாவது சொல்லிக்கொள்ளலாம். நாற்பத்தாறு வயதில், ஊரார் பெற்ற பிள்ளைகளைக் கூட்டி வந்து விளையாட வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஃபைல் முதலில் அண்டர் செக்ரட்டரியிடம் போயிற்று. அவருக்குத் தமிழ் தெரியாது. 'இணைப்பு தமிழில் உள்ளது. ஏதோ மனுவாகத் தெரிகிறது. துணைச் செயலர் பார்க்கலாம்' என்று எழுதி மேலே தள்ளிவிட்டார். துணைச் செயலர் சாந்தகுமாரி நாகர்கோவில்காரர்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் கூப்பிட்டார். திரையில் அந்தப் பதினாலு பக்கமும் திறந்திருந்தது.

"இது என்னம்மா?"

விசாலாக்ஷிக்குக் காது மடல் கொதித்தது. "சாரி மேடம். தப்பான ஃபைல் அட்டாச் ஆயிடுத்து."

"அது தெரியுது. யாரு எழுதினது?"

"என் பொண்ணு அனன்யா, மேடம். ஸ்கூலுக்காக எழுதினா. என் பென் டிரைவ்ல இருந்திருக்கு."

அத்தனை வார்த்தையும் முன்கூட்டியே வாயில் வந்து உட்கார்ந்திருந்த மாதிரி வெளியே வந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை.

சாந்தகுமாரி கண்ணாடியைக் கழற்றினார். "எத்தனாவது படிக்கா?"

"பதினொண்ணு."

"டெல்லியில வளர்ந்த பிள்ளை இப்படித் தமிழ் எழுதுதுன்னா வீட்டுல நீங்க சொல்லிக் கொடுத்திருக்கணும். சந்தோஷமா இருக்கு. ஃபைலைத் திருப்பி அனுப்புறேன், சரியான இணைப்பைப் போட்டு அனுப்புங்க."

விசாலாக்ஷி பெருமைப்பட்ட தாய் போலச் சிரித்துவிட்டு வெளியே வந்தாள். தப்பித்தோம் என்றுதான் முதலில் இருந்தது. அன்று பஸ்ஸில் கதையைத் திறக்கக்கூடப் பிடிக்கவில்லை.

அனன்யாவிடம் சொல்லி வைத்திருக்கலாம். சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். துணைச் செயலர் எங்கே, தன் மகள் எங்கே, இருவரும் எங்கே சந்திக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

பத்தே நாளில் சந்தித்தார்கள். லோதி ரோடு பக்கம் ஒரு அரங்கில் தமிழ்க்காரர்களின் ஆண்டு விழா. அனன்யாவின் சிநேகிதி சுபிக்ஷா ஆடுகிறாள் என்பதால் அவளும் வந்திருந்தாள். சாப்பாட்டு வரிசையில் கையில் தட்டோடு நிற்கும்போது சாந்தகுமாரி நேரே வந்தார்.

"நீதான் அனன்யாவா? உன் கதையை வாசிச்சேன் மக்ளே. அருமையா எழுதியிருக்க."

அனன்யா அம்மாவைப் பார்த்தாள். விசாலாக்ஷி தன் தட்டிலிருந்த கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல அந்த நேரம் போதும். அவள் சொல்லவில்லை.

"தேங்க்யூ, ஆன்ட்டி," என்றாள் அனன்யா.

"அந்தப் படகோட்டி அவ பேரைக் கேக்கிற இடம் இருக்குலா, 'நெல்லா? எங்க ஊர்ல அதைக் குத்தித்தான் சோறு ஆக்குவோம்'ம்பானே, ஆபீஸ் ரூம்ல தனியா இருந்து சிரிச்சேன். சரி, ஒண்ணு கேக்கேன். படகுல ஏறிப் போயிட்டா விளக்கை யாரு ஏத்துவா? அணைஞ்சா கப்பலெல்லாம் பாறையில முட்டும்லா?"

"அது... நெக்ஸ்ட் சாப்டர்ல வரும் ஆன்ட்டி."

"என்ன செய்யப் போற?"

அனன்யாவின் கழுத்து சிவந்தது. "இன்னும் டிசைட் பண்ணலை. அந்த நெல் இருக்கானே, அவனே விளக்கை..."

அவன். சாந்தகுமாரியின் புருவம் ஒரு நொடி அசைந்தது. விசாலாக்ஷியை ஒரு பார்வை பார்த்தார். கோபமான பார்வைகூட இல்லை. "நல்லா எழுது மக்ளே," என்று பெண்ணின் தோளைத் தட்டிவிட்டு வரிசையில் முன்னால் நகர்ந்தார்.

அந்தக் கேள்விக்கு விடை விசாலாக்ஷிக்குத் தெரியும். நாலு மாதமாகத் தெரியும். நாக்கு நுனியில் நின்றது. மகள் திணறிய அத்தனை நேரமும் அதை அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

குவார்ட்டர்ஸுக்கு நடந்தே திரும்பினார்கள். பாதி வழிவரை அனன்யா நாலடி முன்னாலேயே நடந்தாள். பஸ் ஸ்டாப் தாண்டியதும் நின்றாள்.

"எந்தக் கதை?"

விசாலாக்ஷி சொன்னாள். படகோட்டி, தீவு, செயலி, ஃபைல், எல்லாம். ஓரமாக நின்ற ஆட்டோக்காரர் இந்தியில் "பையா" என்று யாரையோ கூப்பிட்டதற்குக்கூடத் திடுக்கிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"நான் ஏன் பொய் சொன்னேன்னு எனக்கே தெரியலை," என்றாள் அனன்யா. "உன் மூஞ்சியைப் பார்த்தேன். அதான். நீ ஏன் என் பேரைச் சொன்னே?"

"வெக்கமா இருந்ததுடி. இந்த வயசுல இப்படி ஒரு..."

"அச்சா. உனக்கு வெக்கமா இருக்கிற விஷயம் என் பேர்ல போனா ஓகேவா?"

விசாலாக்ஷி கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"எனக்குத் தமிழ் ஒழுங்கா படிக்கக்கூட வராது. அது உனக்குத் தெரியும். அந்த ஆன்ட்டி இப்போ என்னைப் பத்தி என்ன நெனைப்பா? அம்மா எழுதினதைத் தன்னோடதுன்னு சொல்லிக்கிற பொண்ணுன்னு."

அதை விசாலாக்ஷி யோசித்திருக்கவே இல்லை. பொய் சொன்னவள் அம்மா. திருடி என்ற பெயர் மகளுக்கு. பக்கத்திலிருந்த இரும்பு வேலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, கூப்பிடாமலே துணைச் செயலரின் அறைக்குப் போனாள். "மேடம், அந்தக் கதை என் பொண்ணு எழுதினதில்லை. நான் எழுதினது. அவளுக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. நான் சொன்ன பொய்யை அவ அங்க வந்து சுமந்தா."

சாந்தகுமாரி பேனாவை மூடி வைத்தார். "தெரியும்மா. அன்னிக்கே தெரிஞ்சிட்டு. அந்தப் பத்திரிகை எங்க வீட்டுக்கும் வரும். கடம்பன் எட்டாவது ஊருக்குப் போனானான்னு எங்க அண்ணன் பத்திரிகைக்கு லெட்டர் எல்லாம் போட்டான். பதினாறு வயசுப் பிள்ளைக்குக் கடம்பன் எங்க தெரியப் போகுதுன்னு எனக்கு முதல்லயே ஒரு சந்தேகம். ஆனா அத்தனை பேர் நடுவுல வெச்சு அவகிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அது என் தப்பு."

"உங்க தப்பு இல்லை, மேடம்."

"எழுதினதுல ஒண்ணுமில்ல. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வேண்டாம், அவ்வளவுதான். ஆனா பிள்ளையை அங்க நிறுத்தினீங்கள்லா..." அவர் முடிக்கவில்லை. விசாலாக்ஷி தலையை மட்டும் அசைத்தாள். திட்டு வாங்கியிருந்தால் தேவலை.

கதவருகே போனபோது சாந்தகுமாரி கேட்டார். "விளக்கை யாரு ஏத்துவா?"

"கடம்பன் இருந்துடுவான், மேடம். படகை அவகிட்ட கொடுத்துடுவான். அவனுக்குப் போக இடம் இல்லை, விளக்குக்கு ஒரு ஆள் வேணும்."

"அப்போ அவன் தனியா ஆயிடுவானே?"

"ஆமா மேடம். அதனாலதான் பத்தாவது அத்தியாயம் நிக்கறது."

"யோசியுங்க," என்றார் சாந்தகுமாரி. அவர் கண் மறுபடி ஃபைலுக்குத் திரும்பிவிட்டது.

வீட்டில் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. துணைச் செயலரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன் என்றாள். "அச்சா," என்று சொல்லிவிட்டு அனன்யா டியூஷனுக்குப் போய்விட்டாள். மன்னிச்சுக்கோடி என்றதற்கும் அதே அச்சாதான். பத்ரியிடமும் சொன்னாள். அவன் "படகா?" என்று கேட்டுவிட்டு, மனைவியின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அந்த வாரம் முழுக்க அனன்யா அவளிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். டிஃபன் பாக்ஸ், மெட்ரோ கார்டு, இஸ்திரி. விசாலாக்ஷி சமாதானப்படுத்த முயலவில்லை. அதற்கும் முகம் வேண்டியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, அனன்யா தன் அறையிலிருந்து ஒரே ஒரு வார்த்தை மெசேஜ் அனுப்பினாள். 'லிங்க்.' விசாலாக்ஷி அனுப்பினாள். அனுப்பிவிட்டுச் சமையலறையில் போய் நின்றுகொண்டாள். வெண்டைக்காயை நறுக்க எடுத்தவள் நறுக்காமலே நின்றாள்.

கால் மணி நேரம் கழித்து அறையிலிருந்து குரல் வந்தது. "சுக்கான்னா என்ன?"

"படகைத் திருப்புறது. பின்னாடி இருக்கும்."

இரண்டு நிமிஷத்தில் அடுத்த கேள்வி வந்தது. "அலைக்கழிப்புன்னா?"

சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் காது மடல் புதிதாகக் கொதித்தது. தான் தட்டிய ஒவ்வொரு வரியிலும் மகளின் விரல் மெதுவாக ஊர்வது கண்ணுக்குத் தெரிந்தது. சில வரிகள் இல்லாமலே இருந்திருக்கலாம். அவளுக்கே ரொம்பப் பிடித்த வரிகள் அவை.

"அம்மா."

"என்னடி?"

"இந்த மேகத்துல போற சாப்டர் ரொம்ப இழுக்கறது."

"ஆமா," என்றாள் விசாலாக்ஷி. "அதை நானும் நெனைச்சேன்."

அறைக் கதவு திறந்தேதான் இருந்தது. அனன்யா எழுத்துக்கூட்டி அடுத்த பக்கத்தை வாசிக்கும் முணுமுணுப்பு கேட்டது.