அரை மணித்தியாலத்து மூத்தவன்

விடியப்புறம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த குஞ்சிதபாதக் குருக்கள் பிறகு எழும்பவில்லை. வீதியில் ஒரு வீட்டில் பிணம் கிடக்கும்வரை அவர் பூசை செய்த பிள்ளையாருக்கும் கதவு திறக்க முடியாது. ஆக நயினாதீவின் அந்த வீதியில் அன்றைக்கு மனிதரும் கடவுளும் சேர்ந்தே காத்துக் கிடந்தார்கள். கொள்ளி வைக்க மூத்தவன் யார் என்பது முடிவாகவில்லை.

இருந்தது இரண்டு பிள்ளைகள், இரட்டையர். கஜமுகன், கஜரூபன். தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன் வைப்பான் என்பது ஊர்முறை. இதில் என்ன தகராறு என்று கேட்பீர்கள். தகராறு மணிக்கூட்டில்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு சித்திரையில், நாடு முழுக்க மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளிய அந்த இரவில்தான் குருக்களின் மனைவி விமலாம்பிகைக்கு நோவு கண்டது. பன்னிரண்டு இருபதுக்குக் கஜமுகன் பிறந்தான். மற்றவன் வருமுன், பன்னிரண்டரைக்குத் தாதி கதிரையில் ஏறி மணிக்கூட்டு முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பிவிட்டாள். கஜரூபன் பிறந்தபோது மணிக்கூடு பன்னிரண்டு ஐந்து காட்டியது. பிந்தி வந்தவன் பிறப்புப் பத்திரத்தில் முந்திவிட்டான்.

குருக்களின் தமையன் பஞ்சாங்கத்தைக் கீழே வைக்காத மனுசன். அந்த நேரங்களை அப்படியே வைத்துச் சாதகம் கணித்தார். பூணூல் சடங்கிலும் கஜரூபனையே முதலில் இருத்தினார். விமலாம்பிகைக்கு மட்டும் கஜமுகன்தான் மூத்தவன். குருக்கள் சிரிப்பார். "கோயிலுக்கு ஒரு மூத்தவன், வீட்டுக்கு ஒரு மூத்தவன். எனக்கென்ன குறை?" சிரித்துச் சிரித்தே முடிச்சை அவிழ்க்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது.

முற்றத்தில் நெருப்புச் சட்டி புகைந்துகொண்டிருந்தது.

"சாதகத்தில நான்தான் மூத்தவன். பூணூலும் எனக்குத்தான் முதல் போட்டது. அப்பாவுக்கு நான்தான் வைப்பன்," என்றான் கஜரூபன்.

"முள்ளைத் திருப்பினால் பிறந்த பிள்ளை திரும்ப உள்ளுக்குப் போகுமோடா?" என்றான் கஜமுகன். துக்க வீட்டில் ஓரிருவர் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விமலாம்பிகை, நீர்தான் சொல்லவேணும்," என்றார் தமையனார்.

ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் தினமும் தகப்பனோடு போய்க் கோயில் திறந்தவன் கஜரூபன். அவனை அந்தப் பிணத்துக்கு முன்னால் பொய்யனாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அப்ப எனக்கு ஆர் வைக்கிறது?" என்று கேட்டாள்.

இரண்டு பிள்ளைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பாவுக்கு வைக்கிறவன் மூத்தவன். அவன்ரை கடமை இண்டைக்கு முடிஞ்சுது. நான் செத்தால் மற்றவன்தான் வைப்பான். யோசிச்சுச் சொல்லுங்கோ."

கஜரூபன் தாயைப் பார்த்தான். தகப்பனின் முகத்தைப் பார்த்தான். கடைசியில் சட்டியை விட்டு விலகி நின்றான்.

"அண்ணை, நீ எடு."

இந்த இருபது வருசத்தில் கஜமுகனை அவன் அண்ணை என்று கூப்பிட்டது கிடையாது.

"சாதகத்தில..." என்று தமையனார் தொடங்கினார்.

"அது மணிக்கூட்டின்ரை பிழை, பெரியப்பா."

வென்றவன் கஜமுகன்தான். ஆனால் சட்டிக்குக் கிட்டப் போனவன் குனியவில்லை. கேட்டது கையில் வந்த பிறகுதான், விட்டது எது என்று அவனுக்கு உறைத்தது. சின்னப் பிள்ளை போலத் தேம்பினான்.

"அப்ப உனக்கு நான் ஒண்டும் செய்ய ஏலாதோ அம்மா?"

விமலாம்பிகை அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"நீ பிறந்து இவன் வாறதுக்கிடையில கால் மணித்தியாலம் இருந்தது, ராசா. மணிக்கூட்டில அதை அழிச்சுப்போட்டினம். அவ்வளவு நேரமும் எனக்கு நீ ஒருத்தன்தான் பிள்ளை. அது இவனுக்குக் கிடைக்கேல்லை."

கஜமுகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டியைத் தூக்கினான்.