தாழ்ந்த முக்காலி

வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்குள் தன்னுடையதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள் மகள். கூடத்தில் அம்மா படுத்திருந்தாள். விடிகாலையில் மூச்சு நின்றிருந்தது.

"எங்கடி கிளம்பிட்ட? மூணு மணிக்கு எடுக்கணும்" என்றாள் அத்தை.

"ஸ்கேன் இருக்கு அத்தே."

"இன்னைக்கா? ஒரு நாள் தள்ளிப்போட்டா குடியா முழுகிடும்?"

தலைமாட்டில் இருந்த அப்பா நிமிர்ந்தார். "முழுகும். அவ போகட்டும். போகலன்னா, படுத்திருக்கறவளே எழுந்து இழுத்துட்டுப் போயிடுவா."

எட்டாம் மாதம். குழந்தை வளர்ச்சி போதவில்லை. தொப்புள்கொடியில் ஓடும் ரத்தத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் அளக்க வேண்டும். ஓட்டம் தடைப்பட்டால் உடனே பெரிய டாக்டரிடம் ஓட வேண்டும். போன மாதம் வயிற்றைப் பார்த்தே முதலில் சந்தேகப்பட்டவள் அம்மாதான். முப்பது வருஷம் ஸ்கேன் அறையில் பழகிய கண். ஆனால் மகளை மட்டும் அவள் அளக்கவில்லை. "ஆசை இருக்கற கை நல்ல நம்பரத்தான் தேடும்" என்று, உடன் வேலை பார்த்த நெட்டைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டாள். அடுத்த வாரமே படுக்கையில் விழுந்தாள்.

ஸ்கேன் அறையில் நெட்டைக்காரியின் கண்கள் சிவந்திருந்தன. வெந்நீர்க் கிண்ணத்திலிருந்து ஜெல் பாட்டிலை எடுத்தாள். பயந்து வருகிற வயிற்றில் சில்லென்று எதுவும் படக் கூடாது என்பது அம்மா வைத்த வழக்கம்.

"பிள்ளைக்கு விக்கல். அடங்கட்டும். இப்ப அளந்தா தப்பாக் காட்டும்."

காத்திருந்தார்கள். மகள் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டாள். பிறகு திரையில் மலைகள் எழுந்தன. ஒவ்வொரு துடிப்பும் ஒரு மலை. நடுவிலுள்ள பள்ளம் அடிக்கோட்டைத் தொட்டால் ஓட்டம் நின்றதாக அர்த்தம். நெட்டைக்காரி ஒருமுறை அளந்தாள். இன்னொருமுறை. மூன்றாவது முறையும்.

"குறைஞ்சிருக்கு. ஆனா நிக்கல. ரிப்போர்ட்ட இப்பவே டாக்டருக்கு அனுப்பிடறேன். நாளைக்கும் வந்துடு, ஒருநாள் விட வேணாம்."

"வரேன்க்கா."

வயிற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோதுதான் கவனித்தாள். குள்ளமான அம்மாவுக்காக இறக்கி வைத்த முக்காலியில், நெட்டைக்காரி முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தாள்.

"ஏத்திக்கக் கூடாதாக்கா?"

"ஏத்திக்கலாம்" என்றாள் அவள். குனிந்து, உயரம் மாற்றும் பிடியைத் தொட்டாள். பிறகு கையை எடுத்துக்கொண்டு, கால்களை இன்னும் கொஞ்சம் மடக்கி, ஜெல் பாட்டிலை வெந்நீரில் வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.